பின்னால் நின்ற ஹன்சி அண்ணி

லச்சம் சிங் அண்ணனைப்போல் தேன்சிட்டைப் படமெடுக்க எங்கள் சாத்தால் ஏரிப் பக்கத்தில் ஆள் கிடையாது. சும்மா சொல்லவில்லை, பதினெட்டு வருஷமாக டெல்லிக்காரர்களை ஜீப்பில் ஏற்றிவந்து அவர் வாசலில் இறக்கியவன் நான். யானை விலை லென்ஸோடு வருவார்கள். எடுத்த படத்தில் குருவிக்குப் பின்னால் சுள்ளியும் சருகும் குப்பையாகக் கிடக்கும். அண்ணன் அவர்களைப் பச்சை வலைக்குப் பின்னால் உட்காரவைப்பார். பாசி பிடித்த ஒற்றைக் குச்சியை வெளிச்சம் பார்த்து நடுவார். அதற்கும் முப்பதடி பின்னால், சரிவில், சிவப்புச் சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி ஹன்சி அண்ணி நிற்பாள். குருவிகளுக்கு அவள் பழகிப்போனவள். படத்தில் குருவியின் கண் பளிச்சென்று இருக்கும். பின்னால் வெறும் சிவப்பு மட்டும் வழுவழுவென்று தெரியும்.

இவர் கையை அசைத்தால் அவள் நகர வேண்டும், விரலைக் காட்டினால் உட்கார வேண்டும். "ஒரு மரத்தைக் கட்டியிருந்தா உங்களுக்கு இன்னும் வசதி" என்பாள். அவர் காதில் விழாது. ஏனென்றால் குருவி வந்திருக்கும்.

போன மாசியில் மார்ச்சளி கட்டி, ஹல்த்வானி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் என் ஜீப்பிலேயே போய்விட்டாள். பாவி நான், இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டியிருக்கலாம்.

பதின்மூன்றாம் நாள் சடங்குக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். கல்யாணப் படம் எப்போதோ மழையில் ஊறிப்போயிருந்தது. ஆதார் அட்டை முகத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தால், மகள் பாவனா, "இது எங்கம்மா இல்ல" என்று திருப்பி வைத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் படமெடுக்கும் வீட்டில் அம்மாவுக்கு ஒரு படம் இல்லையா என்று அவள் கேட்டதில் அண்ணன் ஒடுங்கிப்போனார்.

மூன்று நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடினார். நாற்பதாயிரம் படம் இருந்தது. பாதிக்கு மேலானதில் அண்ணி இருக்கிறாள், சிவப்புக் கறையாக. ஒன்றில் மேலே வெளிறிய வட்டமாக முகம். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார், கூர்மையாக்கிப் பார்த்தார். கரைத்த மாவு மாதிரியே இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒருநாளாவது அந்தக் கேமராவ அண்ணி பக்கம் திருப்பியிருக்கக் கூடாதாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படத்துல விழுந்திருக்காடா. குருவி சட்டுனு நகந்துட்டா கேமரா அத விட்டுட்டுப் பின்னால போய்ப் பிடிச்சுக்கும். குருவி மங்கிடும், அவ தெளிவா இருப்பா. கொட்டாவி விடுறது, முடிய ஒதுக்குறது, என்னப் பாத்து நாக்கத் துருத்துறது, எல்லாம். தெனம் நாலஞ்சு விழும்."

"அதெல்லாம் எங்கண்ணே?"

"கெட்டுப்போன படம்னு தெனம் சாயங்காலம் அழிச்சுடுவேன்."

பாவனா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்த ஆதார் முகத்துக்கே மாலை போட்டோம்.