கயிற்றில் தொங்கிய படகு

மணிமாறனின் அப்பா ஊரில் இறந்தபோது, அவன் வேலை பார்த்த ஷார்ஜா கம்பெனியின் பெட்டியில் கிடந்த அவன் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்க ஒருத்தர் ஜாமீன் நிற்க வேண்டியிருந்தது. அவன் திரும்பும்வரை ஜாமீன்காரர் ஊருக்குப் போக முடியாது. கூட வேலை பார்த்த சோலையப்பன், தன் மகளின் காதுகுத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். யார் ஜாமீன் என்று மணிமாறன் கேட்டதற்கு, "ஆபீஸ்ல பாத்துக்கிட்டாங்கடா" என்றார். விஷயம் அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

2005-இல் அவர்களுடைய ஷார்ஜா படகு யார்டின் வெள்ளைக்கார முதலாளி, பந்தயத்துக்காகத் தன் பாய்மரப் படகை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாய் தைக்கத் தெரிந்த சோலையப்பனையும் பத்து நாளைக்குக் கூட்டிப்போனார். இந்தத் தடவை ஜாமீன் மணிமாறன். பதிமூன்றாம் நாள் அவனுக்கு ஊரில் கல்யாணம். இவர் திரும்பினால்தான் அவன் கிளம்ப முடியும்.

இங்கிலாந்தில் போய் இறங்கியது ஒரு பழைய துறைமுக ஊர். மேட்டில் கல்வீடுகள், நடுவே மாதா கோயில், கீழே மீன்பெட்டி இறக்கும் படகுகள். ராமேஸ்வரத்தின்மேல் குளிரை ஊற்றியதுபோல இருந்தது.

ஏழு நாளும் பந்தயக் கடலிலேயே கழிந்தன. எட்டாம் நாள் காலை, துறைமுகத்தில் நிறைந்த தண்ணீரில் நின்ற படகைச் சோலையப்பன் ஷார்ஜாவில் கட்டுவதுபோலவே இறுக்கிக் கட்டிவிட்டு, மாதா கோயில் வாசலில் கைகூப்பப் போனார். பிறகு மீன் ஏலத்தை வேடிக்கை பார்த்தார். மதியம் வந்து பார்த்தால் துறைமுகத்தில் தண்ணீரே இல்லை! ஷார்ஜாவைப் போலில்லாமல், இங்கே வற்றும்போது கடல் அடியோடு இறங்கிவிடும். மற்ற படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. இவருடையது மட்டும் சுவரிலே கயிற்றில் தொங்கியது. கயிறு கட்டிய கட்டைகளில் ஒன்று பிய்ந்து, பலகை பிளந்திருந்தது.

"சரியாகிற வரைக்கும் நீ இங்கேதான்" என்றார் முதலாளி. தச்சன் வர ஒரு வாரமாகுமாம்.

"முருகா, அந்தப் பிள்ளையைக் கைவிட்டுடாதே" என்று முனகிக்கொண்டே டெலிபோன் பூத்துக்கு ஓடி, வரத் தாமதமாகலாம் என்று மணிமாறனிடம் சொன்னார்.

"என்னண்ணே, வெள்ளக்காரி புடிச்சு வச்சுக்கிட்டாளா? நீங்க எஸ்கேப்புன்னு நம்ம ரூம் கௌஸ் முகைதீன் பந்தயம் கட்டுறான்" என்று மணிமாறன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "வந்துருவீங்கள்ல?"

"வந்துருவேன்டா."

முதலாளியிடம் கெஞ்சித் தானே பலகை அறுத்தார். கடல் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கயிற்றைத் தளர்த்துவார், இழுப்பார். பத்தாம் நாள் காலை முதலாளி பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, டிக்கெட்டை நீட்டினார்.

சோலையப்பன் வந்து சேர்ந்து வழியனுப்ப, மறுநாள் மாலை ஷார்ஜா ஏர்போர்ட்டிலிருந்து மணிமாறன் கிளம்பினான். கல்யாணம் முடிந்து சொன்ன நாளில் திரும்பியவனை நேரே மஸ்கட் யார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருவரும் அப்புறம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அன்று ஏர்போர்ட்டுக்குள் போகுமுன் அவன் திரும்பிக் கேட்டான்: "இப்ப எனக்கு யாருண்ணே ஜாமீன்?"

"அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துக்கிட்டாங்கடா. நீ போ, பொண்ணு காத்துக்கிட்டு இருக்கும்."