பேட்டரி அறையை ஒப்படைத்தவர்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி, "நீலா, பருத்திப்பட்டு பேட்டரி ரூமை ஒப்படைச்சேன்" என்றார் தேவகி அக்கா. "எடுத்துக்கிட்டேன்" என்று நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். "நீங்களே வந்து பாத்துக்குவீங்க" என்றேன். மறுவாரம், அம்பத்தூர் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டைப் பிரிக்கும்போது அவர் இறந்த செய்தி வந்தது. டப்பாக்களை மூடிவைத்தோம்.

அவரை நினைக்க இங்கே கூடியிருக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தச் சொல் தெரியும். நம் சூரிய மின்சார நிறுவனத்துக்கு வருமுன் அவர் ஓர் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர். அங்கே ஷிப்ட் முடிந்தாலும் உடனே எழுந்துவிட முடியாதாம். 'ஒப்படைச்சேன்' என்று இவர் சொல்லி, 'எடுத்துக்கிட்டேன்' என்று அடுத்தவர் வாய்விட்டுச் சொன்ன பிறகே இருக்கையை விடலாம். அந்தப் பழக்கம் அவரோடு இங்கும் வந்தது. ஸ்பேனரைக் கொடுத்தால்கூடப் பதில் வரும்வரை கையை எடுக்கமாட்டார். அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றவர்கள் நம்மில் பலர்.

பருத்திப்பட்டில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனைக்குச் சூரியத் தகடுகளும் பேட்டரியும் பொருத்தினோம். குறைமாதக் குழந்தைகளின் அறையில் மின்சாரம் நிற்கவே கூடாது. அங்கே டீசல் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்ட கன்னியப்பன் அண்ணனுக்கு எங்கள்மேல் நம்பிக்கை இல்லை; அக்காவிடமே கேட்டுவிட்டார்.

"இன்னா மேடம், ராத்திரி மேகம் கட்டிக்கினா உன் சூரியன் இன்னா பண்ணும்?"

"மேகம் இல்லன்னாலும் ராத்திரி அது வராது, அண்ணாத்தே. அதுக்குத்தான் பேட்டரி."

"அதுவும் தீந்துபோச்சுன்னா?"

"அப்போ உங்க டீசல். பயப்படாதீங்க."

"எனக்கு இன்னா பயம்? நானு உனுக்காகக் கேக்குறேன்!"

அணு உலைகளை எதிர்த்து நான் நிறையப் பேசுவேன். அவர் அந்த வேலையை வெறுத்து வெளியேறியவர் அல்ல. "நிலக்கரிக்கு அது எவ்வளவோ மேல்" என்பார். ஒருநாள் டீ குடிக்கும்போது அணுக்கழிவைப் பற்றிக் கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதைக் காவல் காக்கப் போறவங்க இன்னும் பிறக்கவே இல்ல. நாம ஒப்படைச்சேன்னு சொல்லிட்டோம். அவங்க எடுத்துக்கிட்டேன்னு சொல்லலையே."

வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். உடனே அவர், "நம்ம தகடும் பேட்டரியும் பழசானா யார்கிட்ட போகும்? அதையும் சேர்த்துக் கேளு" என்றார். என் கையில் டீ ஆறிப்போயிற்று.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்விதான். எதைக் கட்டினாலும், அதை எடுத்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறாரா?

அன்று அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். சொல்லாமலும் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் பருத்திப்பட்டுக்குப் போனேன். கன்னியப்பன் அண்ணன் பேட்டரி அறைச் சாவியை நீட்டினார். வாங்கப் போனேன், அவர் விடவில்லை.

"மேடம் இப்டித்தான் கத்துக்குடுத்துக்கீது. சொல்லும்மா."

சொன்னேன். கையை எடுத்தார்.