கண்டம் ஆகாத கணினி

“திரையின் அடிப்பகுதி முழுக்கக் கறுப்பு. அண்டர் செக்ரட்டரி சிரித்தார்.” என் நாட்குறிப்பில் ஒரு டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமைக்கு எதிரே இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஆண்டை இங்கே சொல்லவில்லை. எங்கள் பிரிவில் வேலை பார்த்தவர்கள் இன்னும் தில்லியில் கோல் மார்க்கெட்டிலும் மோதி பாக்கிலும் இருக்கிறார்கள்.

பிரிவுக்கு மேலதிகாரியான அண்டர் செக்ரட்டரி கும்பகோணத்துக்காரர். எங்கள் அலுவலகத்தில் அவரைப்போல ஆங்கிலக் குறிப்பு எழுத ஆள் கிடையாது. மேஜையில் வயர் தொங்கினால் அவருக்கு ஆகாது. பிரிவுக்கு ஆல்-இன்-ஒன் கணினிகள் வந்ததே அவருடைய பிடிவாதத்தால்தான். தனிப்பெட்டி கிடையாது, திரையின் முதுகிலேயே எல்லாம் அடங்கியிருக்கும். வந்த அன்று ஒரு மேஜையைக் கையால் தடவி, “இப்பதான்யா ஆஃபீஸ் மாதிரி இருக்கு” என்றார்.

முதல் இரண்டு வருடம் குறை சொல்ல முடியாது. பிறகுதான் தில்லி வேலையைக் காட்டியது. மே மாதப் புழுதி அந்த ஒடுங்கிய முதுகுக்குள் புகுந்து விசிறியை அடைத்தது. உள்ளே ஏறிய சூடு வெளியேற வழியின்றித் திரையைத் தாக்கியது. பழைய வகைக் கணினியில் திரை போனால் வேறு திரை வைத்துக்கொள்ளலாம். இதில் முகம் போய்விடும், உயிர் போகாது. மற்ற பாகங்கள் வருடக்கணக்கில் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆயுட்காலம் முடியாததால் புதிதும் கேட்க முடியாது. உதவாது என்று எழுதித் தள்ளுவதை, பழைய பஸ்ஸைச் சொல்வதுபோல, நாங்கள் கண்டம் பண்ணுவது என்போம். அந்தக் கணினிகள் கண்டம் ஆகக் காலம் இருந்தது.

அவற்றில் மிக மோசமானதை, திரையின் அடிப்பகுதி கறுத்துப்போனதை, அண்டர் செக்ரட்டரி ஹவில்தாருக்குக் கொடுத்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று எங்களிடம் உதவியாளராகச் சேர்ந்தவர், சிவகங்கைப் பக்கம். அவருடைய வணக்கம் விறைப்பாக இருக்கும். ஆங்கிலம் அவ்வளவு போதாது. இரண்டுமே அண்டர் செக்ரட்டரிக்கு வேடிக்கை. ஹவில்தாரின் மனைவி மதுரையில் தம்பி வீட்டில் தங்கி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். மதுரைக் கிளைக்கு மாற்றல் கேட்பதற்கான விண்ணப்பம் வருடத்துக்கு ஒரு முறைதான், அதுவும் அவரவர் இருக்கைக் கணினியிலிருந்து மட்டும். கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை.

காலையில் கணினி பழுது பார்ப்பவர் வந்தார். ஸ்டோர் அறையில் ஒரு பழைய மானிட்டர் இருந்தது. “சார்ஜி, வோ லகா தோ, சல் ஜாயேகா” என்றார். அதை மாட்டினால் ஓடும் என்கிறார்; ஒரு வயரைச் செருகினால் போதும், படம் அதில் தெரியும்.

“என் செக்‌ஷன்ல வயர் தொங்கப்படாது” என்றார் அண்டர் செக்ரட்டரி.

ஹவில்தார் எழுந்து நின்றார். “சார், இன்னைக்கு விட்டா ஒரு வருசம் போயிரும் சார். வீட்டுக்காரிக்கு இந்த வருசம் கண்டம் இருக்குன்னு ஜோசியர் சொல்லிருக்காரு.”

அவர் சொன்னது ஜாதகத்தில் வரும் கண்டம். ஊர்க்காரர்தானே, அந்தச் சொல்லின் பயம் புரியும் என்று நம்பிச் சொன்னார். அண்டர் செக்ரட்டரிக்குப் புரிந்தது.

“பாருமய்யா! மெஷினுக்குக் கண்டம் கேட்டு நான் மூணு நோட் போட்டாச்சு, தரமாட்டேங்கறான். உம்ம ஆத்துக்காரிக்கு மட்டும் கேக்காமலே சாங்ஷன் ஆயிடுத்தே!”

தமிழ் தெரிந்த நாங்கள் நான்கு பேர் குனிந்துகொண்டோம். தமிழ் தெரியாத மற்றவர்கள்தான் உரக்கச் சிரித்தார்கள். மேலதிகாரி சிரித்தால் சிரிக்க மொழி வேண்டியதில்லை.

அந்தப் படிவத்தின் இரண்டு பொத்தான்களும் எப்போதும் திரையின் அடியிலேயே நிற்பவை. எவ்வளவு நகர்த்தினாலும் மேலே வராது. ஹவில்தார் என் மேஜைக்கு வந்து என் திரையில் அவை இருக்கும் இடத்தை விரலால் அளந்துகொண்டு போனார். இடப்பக்கம் சேமிப்பது, வலப்பக்கம் அனுப்புவது. பிறகு தன் இருக்கையில் உட்கார்ந்து, கறுப்புக்குள் மவுஸை இறக்கி, மூச்சைப் பிடித்து அழுத்தினார். பதில் வரும் இடமும் அந்தக் கறுப்புதான். “போயிருச்சு சார்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மார்ச்சில் மாற்றல் பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. அண்டர் செக்ரட்டரி தன் கணினியில் தேடிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “டிராஃப்ட்லயே கெடக்கு, ஹவில்தார் சார். பட்டாளத்துல ஃபயர்னு ஆர்டர் குடுத்தா, குண்டைச் சேவ் பண்ணி வெச்சுப்பேளா?”

ஹவில்தார் விறைப்பாக வணக்கம் வைத்தார். பழக்கம்தான். மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார். அதன்பின் வேலைக்குத் திரும்பவில்லை.

ஜூனில் அண்டர் செக்ரட்டரியின் கணினியிலும் திரை போயிற்று. ஸ்டோரிலிருந்த மானிட்டர் அரை மணி நேரத்தில் அவர் மேஜைக்கு வந்தது. வயர் விளிம்பிலிருந்து தொங்கியது. அவர் ஓய்வு பெறும்வரை அப்படியே நன்றாக ஓடியது.

ஹவில்தார் மதுரை போய்ச் சேர்வதற்கு முன்பே அவர் மனைவி இறந்துவிட்டதாக மோதி பாக்கில் ஒருவர் சொன்னார். இல்லை, அதன்பின் ஓராண்டு இருந்தார், கடைசிவரை அவர்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார் என்றார் இன்னொருவர். இருவருமே பிறர் சொல்லக் கேட்டவர்கள். ஹவில்தாரின் பழைய தொலைபேசி எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. எது உண்மை என்று இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.