மாவு சுவர் வழியாகத்தான் வரும்

எங்கள் சந்தில் மூன்று மாடி எழுப்பியவள் நான் ஒருத்திதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் ஒரு மாடியைக் குறைத்துத்தான் சொல்வார்கள்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்தபோது எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் பஸ் போர்டிலும் மருந்து அட்டையிலும் படித்துக்கொண்டேன். இந்தியைக் காய்கறி வண்டிக்காரர்களோடு சண்டை போட்டுக் கற்றேன். அதனால் இன்றைக்கும் என் இந்தியில் மரியாதை கொஞ்சம் கம்மி.

முதலில் பக்கத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்தேன். ஒரு ஜனவரி மாதம், அங்கே ஒரு வீட்டில் மாவு புளிக்காமல் போனதற்காக மாமியாரும் மருமகளும் பேசாமல் இருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே என் தொழில் எனக்குத் தெரிந்துவிட்டது. டெல்லிக் குளிரில் இட்லி மாவு செத்த மாதிரிக் கிடக்கும். ராத்திரி வைத்த இடத்தை விட்டு ஒரு விரல்கூட எழும்பாது. நான் கரோல் பாகில் பழைய கிரைண்டர் ஒன்றை வாங்கிப் போட்டேன். என் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறை உண்டு. மாவு டிரம்மை அதில் வைத்து, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைப் போர்த்தி, குண்டு பல்பை எரியவிட்டால் விடியும்போது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். எத்தனை பல்பு, எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும் என்பதை என் மருமகளுக்குக்கூடச் சொன்னதில்லை.

இன்றைக்கு லோதி ரோடு வரைக்கும் என் மாவு போகிறது. எல்லோருக்கும் நான் மாவக்கா. டெல்லித் தமிழர்களில் பாதிப் பேர் என் கையால்தான் பசியாறுகிறார்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். வாயில் இட்லியை வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள்.

ஆனால் மாவைப் புளிக்க வைக்கும் அறையில் மனிதர் இருக்க முடியாது. எங்கள் சந்து முழுக்க அப்படித்தான். ஒரு காலத்தில் தகரமும் தார்ப்பாயும் போட்ட ஜுக்கிக் குடிசைகளாக இருந்தது, இப்போது செங்கல்லாகி மாடிக்கு மாடி இடித்துக்கொண்டு நிற்கிறது. வானம் ரிப்பன் அகலத்துக்குத் தெரியும். வெயில் மத்தியானம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இருமல், முட்டி வலி, சர்க்கரை, இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாத வீடு எங்கள் சந்தில் கிடையாது.

என் தங்கச்சிக்குச் சர்க்கரை. இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். ஒருநாள் அடுப்பிலிருந்து கீழே விழுந்த தோசைத் திருப்பியை மிதித்துக்கொண்டு நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். தோல் தீய்கிற வாசனை எனக்குத்தான் வந்தது, அவளுக்குச் சூடு தெரியவில்லை. டிஸ்பென்சரி டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். மாத்திரை பாதி வேலைதான் செய்யும், தினமும் நடக்க வேண்டும், வெயிலில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் விரலில் ஆரம்பித்துக் காலில் போய் நிற்கும் என்றார்.

நடக்கச் சொல்லிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. சந்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்தியது போக ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். மெயின் ரோட்டில் நடைபாதை இருக்கிறது, அதன் மேல் கார்கள் இருக்கின்றன. தங்கச்சி ரோட்டோரமாக நடந்தாள். அந்த வாரமே எதிர்ப்பக்கமாக வந்த பேட்டரி ரிக்‌ஷா அவளைத் தட்டிவிட்டுப் போனது. மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அவள் வாசலைத் தாண்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலில் கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஒரு புண் வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு அவளிடம் ஒன்றும் சொல்லாமல் என்னிடம் பேசினார். அந்த விரல் தங்குமா போகுமா என்பது இனி என் கையில் இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

எங்கள் சந்து போய் முட்டுகிற இடத்தில் ஒரு சுவர். அந்தப் பக்கம் பூங்கா. சுற்றிலும் நடைபாதை, வேப்பமரம், ஊஞ்சல், கை கால் ஆட்ட இரும்பு மெஷின்கள். குளிர்காலத்தில் குவார்ட்டர்ஸ்காரர்கள் வெயிலுக்கு முதுகைக் கொடுத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அது கார்ப்பரேஷன் பூங்கா. தோட்டக்காரனுக்குச் சம்பளம் கார்ப்பரேஷன் கொடுக்கிறது. பூட்டு மட்டும் குவார்ட்டர்ஸ் சங்கத்துடையது. முன்பு சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி இருந்தது. யாருடையதோ ஒரு சைக்கிள் காணாமல் போன மறுநாள் அதைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே கண்ணாடிச் சில்லும் பதித்துவிட்டார்கள். சைக்கிள் கிடைத்ததா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

தங்கச்சியை ஆட்டோவில் ஏற்றி, ரோட்டைச் சுற்றி, முன்கேட்டுக்கு அழைத்துப் போனேன். காவலாளி எனக்கு வணக்கம் வைத்தான். பிறகு அவளைக் காட்டி, “ஆப் ஜாயியே அம்மா, இன்கோ நஹி” என்றான். நான் போகலாம், அவள் போகக் கூடாது. என் மாவு டிரம்முக்கு வழி உண்டு, என் தங்கச்சி காலுக்கு வழி இல்லை. அவள் திரும்பி ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

சங்கத்துச் செயலாளர் நம்ம தமிழர்தான். திருநெல்வேலிக்காரர், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை ஷூவும் தொப்பியுமாகத் தினமும் பூங்காவைச் சுற்றுவார், சுற்றி முடித்து வீட்டுக்குப் போய் என் மாவில் இட்லி சாப்பிடுவார். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

“ஏம்மா, ஒன்ன யாரு தடுத்தா? நீ தாராளமா வா. அந்த வழிய தொறந்தா ஊரே உள்ள வந்துரும்லா. சேஃப்டின்னு ஒண்ணு இருக்குல்லா?”

“யாருக்கு சார் சேஃப்டி? ரோட்டுல கை ஒடஞ்சது என் தங்கச்சிக்கு. உங்க வூட்டுல யாருக்கு ஒடஞ்சிச்சி?”

நடை பாதியில் நிற்கிறது என்று சொல்லி விலகிப் போனார். கவுன்சிலரிடம் போனேன். அவர் எலெக்‌ஷன் வரட்டும் என்றார். அவருக்கு எலெக்‌ஷன் வரும், என் தங்கச்சிக்குப் போன விரல் திரும்ப வராது. அன்றைக்கே சொல்லி அனுப்பினேன்: சுவரில் வழி திறக்கும்வரை குவார்ட்டர்ஸுக்கு என் மாவு கிடையாது.

நான் அதைச் சொன்னது மே மாதம்.

இந்தத் தொழிலில் ஊறிய ஒருத்தி செய்கிற காரியமா அது? டெல்லி மே மாதத்தில் மாவை அரைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது பொங்கி மேடையெல்லாம் வழியும். குவார்ட்டர்ஸில் ஒரு வீடு விடாமல் மிக்ஸி ஓடியது. மூன்றாம் நாள் செயலாளர் வீட்டிலிருந்து வேலைக்காரப் பெண் ஒரு தட்டு இட்லியும் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள். அக்கா ருசி பார்த்துச் சொல்ல வேண்டுமாம், அம்மா சொல்லச் சொன்னார்களாம். நான் ஒன்று விடாமல் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கொடுத்து, உப்பு கம்மி என்று சொல்லி அனுப்பினேன்.

தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கை உடைந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். “ஏங்க்கா, மே மாசத்துல மாவ வெச்சி எவளாச்சும் மெரட்டுவாளா?”

“இருடி. டெல்லியில மே மாசம் மட்டுமா கீது?”

மழை வந்ததும் ஒன்றும் பேசாமல் மறுபடி மாவு கொடுத்தேன். இறங்கி வந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும் என்று விட்டேன். அதுவரை தங்கச்சியை என் மூன்றாம் மாடிக்கு ஏற்றி மொட்டை மாடியில் நடக்க வைத்தேன். தண்ணீர் டேங்க், கேபிள் ஒயர், துணிக்கொடி, எல்லாவற்றுக்கும் குனிந்து நிமிர்ந்து நாலு எட்டு வைத்தால் கைப்பிடிச் சுவர். புண் ஆறும், மறுபடி வாய் திறக்கும். தீபாவளிக்குப் பிறகு புகை இறங்கியது. அதன் பின்னால் குளிர் வந்தது. அந்தக் குளிரை நான் வரவேற்ற மாதிரி டெல்லியில் வேறு யாரும் வரவேற்றிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் குவார்ட்டர்ஸ் தமிழர்கள் பூங்காவில் கூடுவார்கள். காலை வெயிலில் எல்லோருக்கும் இட்லி. மாவு வருஷா வருஷம் என்னுடையது. செயலாளர் போன் செய்து, எப்பவும் போல கொண்டுவந்துவிடு என்றார்.

“கொண்டாறேன் சார். ஆனா ரோட்ட சுத்தி வர மாட்டேன். மாவு சுவர் வழியாத்தான் வரும்.”

“சுவர்ல எங்கம்மா வழி இருக்கு?”

“இருந்திச்சி சார். நீங்கதான் அடச்சீங்க.”

அன்றைக்கே குவார்ட்டர்ஸுக்குப் போகும் மாவை நிறுத்தினேன். தமிழ்ப் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலுக்கும் மற்ற ஏரியாவுக்கும் வழக்கம் போல அனுப்பினேன். அது அவர்கள் கண்ணெதிரேதான் போனது. அவர்களும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஒரு வீட்டில் பாத்திரத்தை ஹீட்டர் முன்னால் வைத்து ஒரு பக்கம் வெந்துவிட்டது. ஒரு வீட்டில் காருக்குள் வைத்து வெயில் தேடி ஓட்டிப் போனார்கள், திருப்பத்தில் சீட்டெல்லாம் மாவு. போனில் தட்டினால் பாக்கெட் மாவு வந்துவிடும்தான். வந்தது. அதில் வார்த்த இட்லியை வைத்துப் பாத்திரம் தேய்க்கலாம் என்று ஒரு பெரியவர் சொன்னது எங்கள் சந்துவரை வந்து சேர்ந்தது.

பொங்கல் நெருங்கிய ஒரு காலையில் செயலாளர் மனைவி என் வாசலுக்கே வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் எங்கள் சந்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. மெயின் ரோட்டைச் சுற்றித்தான் வந்திருக்கிறார். பேட்டரி ரிக்‌ஷா ஒன்று உரசியதில் கைப்பை வார் அறுந்து தொங்கியது, முகம் வெளுத்திருந்தது. உட்கார வைத்து டீ கொடுத்தேன். தங்கச்சி அப்போதுதான் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டு என் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா டீயைக் குடிக்காமல் அந்தக் காலையே பார்த்தார்.

“இந்த ரோட்டுலயா இவங்கள நடக்கச் சொல்லுதாவ?”

“வேற எங்கம்மா நடப்பா? சொல்லுங்க.”

அவர் மாவு கேட்டு வந்ததை மறந்துவிட்ட மாதிரி எழுந்தார். நானே ஞாபகப்படுத்தினேன். “டீ எப்ப வேணா வந்து குடிங்கம்மா. மாவு மட்டும் இல்ல.”

அந்த வீட்டில் அன்றைக்கு என்ன பேச்சு நடந்ததென்று எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் கொத்தனார் சம்மட்டியோடு வந்தார். சந்தே கூடி நின்று பார்த்தது. பழைய வழி இருந்த இடத்தில் முதல் செங்கல் எங்கள் பக்கமாக விழுந்தது.

பொங்கலன்று டிரம்மைத் தூக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். நான் நிறுத்தினேன். முதலில் தங்கச்சி போகட்டும் என்றேன். குல்லாயும் ஸ்வெட்டரும், டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மெத்துச் செருப்புமாக அவள் சுவரைத் தாண்டி உள்ளே போனாள். வெயில் விழுகிற இடத்தில் நின்று ஒரு தடவை மேலே பார்த்தாள். அப்புறம் நடந்தாள். அவள் ஒரு சுற்று முடித்து வந்த பிறகுதான் மாவு உள்ளே போனது. இட்லி தாமதம் என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் சங்கத்தை உங்களுக்குத் தெரியாது. பொங்கல் கழிந்ததும் அந்த வழிக்கு ஓர் இரும்புக் கதவு வந்தது. கதவுக்குப் பூட்டு, சாவி காவலாளியிடம். ஒரு பனிக்காலையில் போனால் பூட்டியிருந்தது. தங்கச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்குப் பின்னால் சந்துப் பெண்கள். காவலாளி அந்தப் பக்கமிருந்து, மேலே ஆர்டர் என்றான். யார் மேலே என்று கேட்டேன். அவனுக்கே தெரியவில்லை.

கதவு கீலில் சும்மா மாட்டித்தான் இருந்தது, வேலை செய்தவன் அவசரத்தில் மேல் ஆணி அடிக்காமல் போயிருந்தான். கிரைண்டர் கல்லைத் தூக்கிப் பழகிய கைகள் இவை. மருமகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கீலிலிருந்து எழுப்பி, பூட்டுப் பக்கம் சாய்த்துத் திருகியதில் கொண்டி கையோடு வந்துவிட்டது. பூட்டு தொங்கியபடியே கதவை வீட்டுக்குத் தூக்கிவந்தோம்.

சாயங்காலமே செயலாளர் வந்து நின்றார். கதவு எங்கே என்றார்.

“துரு புடிச்சிருந்திச்சி சார். பெயின்ட் அடிக்க எடுத்துக்கினு வந்தேன்.”

“எப்பம்மா திருப்பி மாட்டுவ?”

“காயணும்ல சார். குளிர்ல எங்க காயுது?”

அவர் மறுநாளைக்கு எவ்வளவு மாவு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மாவு டிரம்கள் இப்போது அந்தக் கதவின் மேல்தான் நிற்கின்றன. தரையின் ஈரம் ஏறாமல் இருக்க அது ரொம்ப வசதி. தங்கச்சி தினமும் நடக்கிறாள், நடந்த பிறகு அந்த இரும்பு மெஷினில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறாள். புண் மூடிவிட்டது. விரல் அவள் காலிலேயே இருக்கிறது.

இப்போது மறுபடி மே மாதம். வாணலி மாதிரிக் காய்கிறது ஊர். நேற்று செயலாளர் நடையை நிறுத்தி, பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று கேட்டார். தங்கச்சி அப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து அடுத்த சுற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் வேப்பமரத்தைத் தாண்டும்வரை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“இன்னும் இல்ல சார்.”