தப்பா

ஆபிதா பயந்தாங்கொள்ளி என்று தாராவியில் அவள் சந்து முழுக்கப் பேச்சு. பேசினால் பேசட்டும். கடையநல்லூரிலிருந்து கல்யாணமாகி வந்து ஏழு வருஷம்; இந்தி இன்னும் வாயில் நிற்கவில்லை. போன மழையில், மூடி பெயர்ந்த சாக்கடைக்குள் ஒரு ஆட்டுக்குட்டி விழுந்து செத்ததைக் கண்ணால் பார்த்தவள். அன்றிலிருந்து ஐந்து வயது சஃப்ரீனைத் தனியாக வாசல் தாண்ட விட்டதில்லை. தோல் பைக்கு ஜிப் தைக்கிற மிஷின் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், கதவுக்குத் தாழ்ப்பாள்.

இந்த லட்சணத்தில் பால்வாடி டீச்சர் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள், கயிறு தாண்டுகிறார்கள், கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘வெளியே வா, விளையாட வா!’ என்று ஒரு வரி. எழுதினவருக்கென்ன, அவர் வாசலிலா சாக்கடை ஓடுகிறது? ஆபிதா தினமும் வாசித்துக் காட்டினாள், அந்த வரியை மட்டும் விழுங்கிவிட்டு. மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்கிற தைரியம். பால்வாடியில் அதே வரியைத்தான் பிள்ளைகள் கோரஸாகக் கத்துவார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் மிஷினில் நூல் கோத்து நிமிர்ந்தால், கதவு திறந்து கிடக்கிறது. தாழ்ப்பாளுக்குக் கீழே ஸ்டூல். தரையில் புத்தகம், கண்ணாமூச்சிப் பக்கம். பிள்ளையைக் காணோம்.

“யா அல்லா!”

வாசல்தோறும் நின்ற நீலத் தண்ணீர் டிரம்களை இடித்துக்கொண்டு ஓடினாள். “எம்மவளப் பாத்தியளா? சஃப்ரீனு... பாத்தியளா?” யாரும் பார்க்கவில்லை. சந்து முனையில் சாக்கடை மூடி விலகிக் கிடந்தது. அவ்வளவுதான். முட்டி போட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள். அழக்கூட வரவில்லை.

பளாரென்று முதுகில் ஒரு அடி.

“தப்பா!”

சஃப்ரீன்தான். ஆபிதா அவளை அப்படியே அள்ளிக்கொண்டாள். “தப்பான்னா கேக்கே? இல்லட்டி தங்கம், நீ வெளிய வந்தது தப்பில்ல. உம்மா மேலதான் தப்பு.”

எதிர்வீட்டு அகிலாண்டம் சிரித்துவிட்டாள். “ஏட்டி ஆபிதா, அவ தப்பா சரியான்னு கேக்கல. அது இங்கத்த கண்ணாமூச்சி வெளையாட்டு. ஒளிஞ்சவ வந்து தேடுதவ முதுவுல அடிச்சு ‘தப்பா’ன்னா, நீ தோத்துட்டே. மறுபடியும் எண்ணணும்.”

“ஆமா உம்மா, பத்து வரைக்கும்!”

இன்னொரு தடவையா? அகிலாண்டமும் அவளுமாக மூடியை இழுத்துப் போட்டார்கள். அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள், இரண்டு தடவை. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, சேறு படாத கையால் கண்ணைப் பொத்தினாள்.

“ஒண்ணு...”

சின்னச் செருப்புச் சத்தம் சந்துக்குள் ஓடி மறைந்தது. விரலை விலக்கினால் பார்த்துவிடலாம். விலக்கவில்லை. பத்து வரைக்கும் எண்ணினாள்.