நரம்பு என்று நான் எழுதிய சீட்டு

போன சனிக்கிழமை ஸ்ரீராம்புரம் போயிருந்தேன், ராணியம்மாவின் காலைப் பார்க்க. கணுக்காலுக்கு மேலே புண் இருந்த இடத்தில் புதுத் தோல். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது... சந்தோஷம் பாதி, குற்ற உணர்ச்சி பாதி.

ராணியம்மா எங்கள் தெருவைப் பெருக்குகிறவர். காண்ட்ராக்ட் வேலை. கணுக்காலில் மாதக்கணக்காக ஆறாத புண், அதற்கு மேலே சுருண்டு புடைத்த நரம்பு. நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும், இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள், விடுவேனா? 'நெர்வ் பிராப்ளம்' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் அந்தச் சீட்டை மதித்து, மூளை நரம்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். டேட் கிடைக்கவே இரண்டு மாதம். அதற்குள் புண் இன்னும் அகலமானது.

"இன்னொரு ரஜா போட்டா வேற ஆள் வெச்சிருவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு மேடம்" என்றார் ராணியம்மா. அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

குறித்த நாளில் நானும் கூடப் போனேன். டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். நரம்பெல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றார். பிறகு குனிந்து, புண்மேல் இருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தார்.

"இது நரம்பு இல்லம்மா, ரத்தக்குழாய். யாரு இந்தச் சீட்டு எழுதினது?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

என்ன செய்ய? இரண்டையும் நாம் நரம்பு என்றுதானே சொல்கிறோம்! இந்த ஊர் பேசும் கன்னடத்திலும் 'நர' - அதிலும் இதே கூத்து. வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வழி தவறி வருகிறார்களாம், டாக்டர் சொன்னார்.

அந்த மனிதர் எங்களை இன்னொரு க்யூவுக்குத் துரத்தவில்லை. தானே கூட்டிக்கொண்டு போய் ரத்தக்குழாய் சர்ஜனிடம் விட்டார். அதோடும் நிற்கவில்லை. ஆபரேஷன் முடிந்து சில நாளில், இந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி பண்ண, ராணியம்மா வீட்டுப் பக்கத்து ஸ்ரீராம்புரம் ஹெல்த் சென்டரில் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்தார் - கவுன்ட்டர் கிளார்க், நர்ஸ், மேஸ்திரி, ராணியம்மா, நான்.

கிளார்க் புது ஃபார்ம் அடிக்கலாம் என்றார். நான் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் ஒரு சொல் பட்டியல் தருவதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ராணியம்மா சொன்னார்:

"வாயால கேட்டா நரம்புன்னுதான் சார் சொல்லுவோம். எங்க, காட்டுன்னு கேளுங்க. போதும்."

அவ்வளவுதான். இப்போது சனிக்கிழமைதோறும் அங்கே நர்ஸ் முதலில் பார்க்கிறார், எந்த டாக்டர் என்று எழுதுகிறார். அதைப் பார்த்துக் கிளார்க் டேட் கொடுக்கிறார். ஆஸ்பத்திரி நாளில் டூட்டியை மாற்றித் தர மேஸ்திரியும் ஒப்புக்கொண்டார். ராணியம்மாவின் வேலையும் பிழைத்தது. இவர்கள் எல்லோருக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன்?

கிளம்பும்போது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது வலி என்றார் ராணியம்மா. என் கை தானாகவே பேனாவைத் தேடியது.

"நீங்க ஒண்ணும் எழுத வேணாம் மேடம்" என்றார், மிகுந்த அன்போடு.

இத்தனை வருஷத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் இதுதான்!