குளிக்கப் போனவனுக்கு உதவித்தொகை இல்லை

மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டு நான் கொடுத்த மனுவைத் தள்ளிவிட்டார்கள். நான் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனதுதான் காரணம்.

மனு கொடுப்பதும் ஒரு தொழில். எலுமிச்சை மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டமான தொழில். இரண்டையும் செய்தவன் சொல்கிறேன். ஏதாவது ஓர் ஆபீஸ் வாசலில் ‘நாளைக்கு வாங்க’ கேட்டவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்களுக்கு இது புரியாது. இப்போதைக்குப் புரியாது.

வலது கால் முழங்காலுக்குக் கீழே எனக்கு இல்லை. புளியங்குடி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும்போது லாரி ரிவர்ஸில் வந்து ஏறியது. டிரைவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இப்போது இருப்பது செயற்கைக் கால். நல்ல கால். அதுதான் தொந்தரவு. வேட்டி கட்டிச் செருப்பு மாட்டி நடந்தால் யாருக்கும் தெரியாது. தென்காசியில் மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகன் தங்கமானவன். இருந்தாலும் ஒரு டீக்கு அவன் சட்டைப்பையைப் பார்த்து நிற்பது எனக்கு ஆகாது. என் டீயை நான் வாங்கிக் குடிக்க வேண்டும். அதற்குத்தான் மனு.

பூட்டிய வீடு

மனுவை விசாரிக்க ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். வீடு பூட்டியிருந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் எங்கே என்று பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவிடம் கேட்டிருக்கிறார். ‘சாரல் விழுந்தா அண்ணாச்சி வீட்ல தங்குவாவளா, குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிருக்காவ’ என்று அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மனுதாரர் நல்ல நடமாட்டத்துடன் அருவிக்குச் சென்று குளித்துவருவதால் மனு நிராகரிக்கப்படுகிறது என்று தபால் வந்தது. பேச்சியம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன். அவள் அசையவில்லை.

“பொய் சொல்லணும்னு முன்னாலயே சொல்லியிருந்தா நல்லதா ஒண்ணு சொல்லியிருப்பேம்லா, அண்ணாச்சி.”

பழைய சர்டிபிகேட்

மேல்முறையீடு செய்தேன். மேலே இருந்த அதிகாரி வெளியூர்க்காரர், சின்ன வயசு. நான் உள்ளே நடந்து போவதை வாசலிலிருந்து மேசைவரை பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாகத்தானே நடக்கிறீர்கள் என்றார். கால் செயற்கை என்றேன். காட்டுங்கள் என்றார். பின்னால் பத்துப் பேர் வரிசையில். அதில் பாதி பெண்கள். நான் வாழ்நாளில் மூட்டைதான் தூக்கியிருக்கிறேன். சபையில் வேட்டியைத் தூக்கியதில்லை. முடியாது என்றேன்.

டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டை நீட்டினேன். முன்னும் பின்னும் பார்த்தார். ரொம்பப் பழசாக இருக்கிறதே என்றார். போன கால் போனதுதானே சார், பழசென்ன புதுசென்ன என்றேன். அவர் தலையை ஆட்டினார். என்மேல் இரக்கப்படுவது போலத்தான் ஆட்டினார்.

“அப்படிச் சொல்லாதீங்க பெரியவரே, சரியாகிற கேஸும் உண்டு.”

ஜெராக்ஸ் கடையில் ஒரு கால்

ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் செங்கோட்டைக்காரர். எல்லா மனுவையும் படித்துவிட்டுத்தான் பிரதி எடுப்பார். என்னுடையதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அவ்வளவு மிடுக்காக நடந்து போனால் எவன் கொடுப்பான், காலைக் கழற்றி இங்கே வைத்துவிட்டுக் கம்பு ஊன்றிப் போங்கள் என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் காலைக் கழற்றிக் கடையில் வைத்துவிட்டுக் கம்பு ஊன்றிப் போனேன்.

அதிகாரிக்கு என்னை நன்றாக நினைவிருந்தது. நல்ல ஞாபகசக்தி. போன வாரம் நடந்து வந்தவர் இந்த வாரம் காலை மடக்கி வேட்டிக்குள் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார். வேட்டியை விலக்கியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கோபத்தில் வாயும் வரவில்லை, கையும் வரவில்லை. மறுபடி வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறேன் என்றார். வெளியே வாசல் பியூன் என்னை மேலும் கீழும் பார்த்து, ‘போன வாரம் ரெண்டோட வந்தியளே’ என்றான்.

கம்பை ஊன்றிக் கடைக்கு வந்தால் ஷட்டர் பூட்டியிருக்கிறது. சாப்பிடப் போயிருக்கிறார். என் கால் உள்ளே. படியில் உட்கார்ந்திருந்தேன். ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தவர் மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன்.

“ரெண்டு பேரு விலை கேட்டாவ அண்ணாச்சி. நான் குடுக்கல.”

வீட்டுக் காவல்

விசாரிக்க வருகிறவருக்காகக் காத்திருந்தேன். வெளியே சாரல். ஐந்தருவியில் தண்ணீர் அருமையாக விழுகிறது என்று தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் ஈரத் தலையோடு சொல்லிவிட்டுப் போனான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. பேச்சியம்மா மட்டும் வந்து, இந்தத் தடவை என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகன் டீயைக் கொண்டுவந்து வைத்தான். அவன் காசு டீ. குடிக்காமல் ஆறவிட்டேன்.

“மாமா, நீங்க குளிக்கப் போங்க. அப்பத்தான் அவிய வருவாவ.”

ஐந்தருவி

போனேன். அருவியில் நான் குளிக்கும் முறை இது. காலைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கரையில் வைப்பேன். இடுப்பில் இன்னொரு துண்டு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் தாண்டிப் போவேன். ஜனம் வழிவிடும். அங்கே யாரும் சர்டிபிகேட் கேட்டதில்லை.

அன்றைக்குக் காலோடு முறுக்குப் பொட்டலத்தையும் சேர்த்துச் சுற்றியது என் புத்தி. ஒரு குரங்கு மூட்டையோடு தூக்கிக்கொண்டு கடைக் கூரையில் ஏறிவிட்டது. முறுக்கைத் தின்றது. பிறகு காலை மடியில் வைத்துக்கொண்டது. செருப்பைக் கழற்றிப் பார்த்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. கடித்தும் பார்த்தது. கூட்டம் குளிப்பதை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றது. ‘யாரு காலுவே அது’ என்று ஒருவன் கேட்டான். என்னுது என்று கையைத் தூக்கினேன். கம்பி விட்டுப்போய்ச் சாய்ந்தேன். யாரோ என் தோளைப் பிடித்து நிறுத்தினார். திரும்பினால் அதிகாரி. அவர் இடுப்பிலும் ஒரு துண்டுதான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

என் முகத்தைப் பார்த்தார். கீழே பார்த்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். பிறகு அவரே ஓடிப்போய் வாழைப்பழம் வாங்கி, குரங்கிடம் காட்டிக் கெஞ்சி, அது எறிந்த காலைப் பிடித்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். சரியாகியிருக்கிறதா பாருங்கள் சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“திங்கக்கிழமை நீங்க வர வேண்டாம் பெரியவரே. நானே பார்த்துக்கிறேன்.”

உத்தரவு வந்துவிட்டது. டீ என் காசில். மருமகனுக்கும் ஒன்று சொல்கிறேன். அதிகாரி நேரில் விசாரித்து உறுதி செய்ததாக உத்தரவில் போட்டிருக்கிறது. ஆனால் என் காலைக் கையில் எடுத்து, செருப்பைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, கடித்தும் பார்த்து ஒழுங்காக விசாரித்தது அந்த ஐந்தருவிக் குரங்கு.